மின்சாரக் காரா, பெட்ரோல் காரா? பதில் காரில் இல்லை!

அமெரிக்காவில் கார் இல்லாதவர் கால் இல்லாதவர் மாதிரி. பால் வாங்கக் கார், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடக் கார், வேலைக்குப் போகக் கார், வேலை தேடவும் கார். நியூயார்க் மாதிரி சில ஊர்களை விட்டுவிட்டால், பஸ்ஸை மட்டும் நம்பிப் பிழைப்பு நடத்துவது ரொம்பக் கஷ்டம். அதனால் "எந்தக் கார் வாங்கலாம்?" என்பது அங்கே பணக்காரர்களின் பொழுதுபோக்குக் கேள்வி இல்லை. மாதச் சம்பளக்காரரின் மளிகைக் கணக்கு மாதிரி அதுவும் ஒரு கணக்கு.

2010 டிசம்பரில் இந்தக் கணக்கில் இரண்டு புதிய வரிகள் சேர்ந்தன. ஷெவர்லே வோல்ட், நிஸ்ஸான் லீஃப் இரண்டும் அந்த ஒரே மாதத்தில் அங்கே விற்பனைக்கு வந்தன. முதலாவது பிளக்-இன் ஹைபிரிட். இரண்டாவது முழு மின்சாரக் கார். அன்றிலிருந்து ஓயாத சண்டைதான். ஒரு கோஷ்டி "பெட்ரோல் கார் செத்துவிட்டது" என்கிறது. மறு கோஷ்டி "பேட்டரி காரை நம்பினால் நடுரோட்டில் நிற்க வேண்டியதுதான்" என்கிறது. இரண்டு கோஷ்டியும் காரையே உற்றுப் பார்த்துக்கொண்டு சண்டை போடுகின்றன. ஆனால் பதில் காரில் இல்லை. ராத்திரி அந்தக் கார் எங்கே நிற்கிறது என்பதில்தான் இருக்கிறது. எப்படி என்று பார்க்கலாம்.

யார் யார் களத்தில்?

முதலில் ஒரு சின்ன அறிமுகம். அமெரிக்கர்கள் "கேஸ்" என்று சொல்வது நம்மூர் சமையல் கேஸை அல்ல, பெட்ரோலை.

பெட்ரோல் கார் எல்லோருக்கும் தெரியும். ஹைபிரிட் காரில் பெட்ரோல் எஞ்சினோடு ஒரு மோட்டாரும் சின்ன பேட்டரியும் இருக்கும். பிரேக் போடும்போது வீணாகும் சக்தியைப் பிடித்து பேட்டரியில் போட்டுக்கொள்ளும். டொயோட்டா பிரயஸ் இந்த வகையில் பேர் பெற்றது. ஆனால் சாதாரண ஹைபிரிட்டைச் சுவரில் சொருகி சார்ஜ் ஏற்ற முடியாது.

பிளக்-இன் ஹைபிரிட்டில் பேட்டரி கொஞ்சம் பெரிசு, சுவரில் சொருகலாம். முதல் 20, 40 மைல் மின்சாரத்தில் ஓடும், அது தீர்ந்ததும் பெட்ரோல் எஞ்சின் கைகொடுக்கும். முழு மின்சாரக் காரில் எஞ்சினே கிடையாது. பேட்டரிதான் எல்லாம்.

ஒரு நாளைக்கு எத்தனை மைல்?

அமெரிக்க அரசின் நெடுஞ்சாலைத் துறைக் கணக்குப்படி, அங்கே ஒரு ஓட்டுநர் சராசரியாக வருடத்துக்குச் சுமார் 13,500 மைல் ஓட்டுகிறார். 365 நாளால் வகுத்தால் ஒரு நாளைக்கு 37 மைல். அதாவது ஏறக்குறைய 60 கிலோமீட்டர்.

இந்த எண்ணை வைத்துத்தான் வோல்ட் காரையே வடிவமைத்தார்கள் என்று சொல்லலாம். வேலைக்குப் போய் வருகிறவர்களில் நான்கில் மூன்று பேருக்கு மேல் ஒரு நாளில் 40 மைலுக்குள்தான் ஓட்டுகிறார்கள் என்ற அரசுப் புள்ளிவிவரத்தை ஜெனரல் மோட்டார்ஸ் திரும்பத் திரும்பச் சொன்னது. முதல் வோல்ட் மின்சாரத்தில் மட்டும் 35 மைல் ஓடும் என்று அரசுச் சோதனை சொன்னது. 2016 மாடலில் அது 53 மைலானது.

பலன் என்ன தெரியுமா? ஒழுங்காகச் சொருகிச் சார்ஜ் ஏற்றியவர்கள் பலர் பெட்ரோல் பங்க் பக்கமே போகவில்லை. டாங்கில் கிடக்கும் பெட்ரோல் பழசாகிக் கெட்டுப்போகுமே என்று கம்பெனியே யோசித்து ஒரு ஏற்பாடு வைத்திருந்தது. பெட்ரோலின் சராசரி வயது ஒரு வருடத்தைத் தாண்டினால், ஓட்டுநர் கேட்காமலேயே எஞ்சின் தானாக ஓடி அதைத் தீர்த்துவிடும்! பெட்ரோல் செலவாகவில்லையே என்று ஒரு கார் கவலைப்பட்ட கதை இது :)

நிஸ்ஸான் லீஃபின் முதல் மாடல் 73 மைல்தான் ஓடும். 37 மைல் தேவைக்கு அது தாராளம். ஆனாலும் மக்கள் பயந்தார்கள். காரணம், கார் வாங்குகிறவர் தினசரி 37 மைலை நினைப்பதில்லை. வருடத்தில் இரண்டு தடவை 400 மைல் தள்ளியிருக்கும் அம்மா வீட்டுக்குப் போவதைத்தான் நினைக்கிறார். 363 நாள் தேவையை விட்டுவிட்டு 2 நாள் தேவைக்காகக் கார் வாங்குவது, தீபாவளிக்கு வரும் விருந்தாளிகளை மனதில் வைத்து வருடம் முழுக்கப் பத்து அறை வீட்டுக்கு வாடகை கொடுப்பது மாதிரி. இன்று 250 மைலுக்கு மேல் ஓடும் மின்சாரக் கார்கள் நிறைய வந்துவிட்டன. அதனால் அந்தப் பயம் பாதி குறைந்திருக்கிறது.

ஓட்டிப் பார்த்தால் எப்படி?

அன்றாட ஓட்டத்தில் மின்சாரத்துக்குச் சாதகமான விஷயங்கள் நிறைய. கால் வைத்ததும் பாயும். கியர் மாறும் குலுக்கல் இல்லை. டிராஃபிக்கில் நின்று நின்று போகும்போது பெட்ரோல் கார் சும்மா நின்றே எரிபொருளைக் குடிக்கும், மின்சாரக் கார் அப்படிச் செய்யாது. மிதியிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் ஜெனரேட்டராக மாறி வண்டியை மெதுவாக்கி பேட்டரிக்குச் சக்தி தரும். அதனால் பிரேக் கட்டைகள் ரொம்ப நாள் உழைக்கும். எஞ்சின் ஆயில் மாற்றும் வேலையே இல்லை. சத்தமே இல்லாமல் வந்து பாதசாரிகளைப் பயமுறுத்துகிறது என்று, குறைந்த வேகத்தில் செயற்கையாகச் சத்தம் எழுப்பச் சொல்லி அமெரிக்க அரசு விதியே போட்டது.

பாதகம் இல்லையா? இருக்கிறது. குளிர் ஒரு பெரிய எதிரி. பெட்ரோல் காரில் எஞ்சின் சூடு சும்மா கிடைக்கிறது, அதை உள்ளே திருப்பிவிட்டால் ஹீட்டர். மின்சாரக் காரில் அந்தச் சூட்டையும் பேட்டரிதான் தர வேண்டும். ஏ.ஏ.ஏ. என்ற அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கம் 2019ல் சில மின்சாரக் கார்களைச் சோதித்தது. மைனஸ் 7 டிகிரி செல்சியஸ் குளிரில் ஹீட்டரும் போட்டு ஓட்டினால் ஓடும் தூரம் சராசரியாக 41 சதவீதம் குறைகிறது என்று கண்டது. 250 மைல் கார் 150 மைல் காராகிவிடும். மினசோட்டாவில் இருப்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. வெயிலும் விட்டுவைக்கவில்லை. பேட்டரியைக் குளிர்விக்கத் திரவ ஏற்பாடு இல்லாத முதல் லீஃப் கார்கள், அரிசோனா வெயிலில் சீக்கிரமே பேட்டரித் திறன் இழந்து 2012ல் பெரிய புகாரானது. அதன் பிறகு பெரும்பாலான கம்பெனிகள் திரவக் குளிர்விப்புக்கு வந்துவிட்டன, பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,00,000 மைல் உத்தரவாதம் தருவதும் வழக்கமாகிவிட்டது. மின்சாரக் காரின் எடை அதிகம் என்பதால் டயர் சீக்கிரம் தேயும் என்பதையும் மறக்கக் கூடாது.

இப்போது கணக்கு

பெட்ரோல் ஒரு காலன் (சுமார் 3.8 லிட்டர்) 3 டாலர் 20 சென்ட் என்று வைத்துக்கொள்ளலாம். வீட்டு மின்சாரம் ஒரு யூனிட் 17 சென்ட். வருடம் 13,500 மைல்.

காலனுக்கு 30 மைல் தரும் பெட்ரோல் காருக்கு 450 காலன் வேண்டும். செலவு 1,440 டாலர்.

50 மைல் தரும் சாதாரண ஹைபிரிட்டுக்கு 270 காலன். செலவு 864 டாலர்.

100 மைலுக்கு 28 யூனிட் எடுக்கும் மின்சாரக் காருக்கு 3,780 யூனிட். வீட்டில் சார்ஜ் ஏற்றினால் செலவு சுமார் 643 டாலர்.

இந்த வித்தியாசத்தின் ரகசியம் எஞ்சினின் ஊதாரித்தனம். ஒரு காலன் பெட்ரோலில் 33.7 யூனிட் சக்தி இருப்பதாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கணக்கு வைத்திருக்கிறது. அதை வைத்துப் பெட்ரோல் கார் 30 மைல் போகிறது. அதே 33.7 யூனிட்டில் மின்சாரக் கார் 120 மைல் போய்விடும். பெட்ரோல் காரில் பெரும்பகுதி சூடாகி வெளியே போய்விடுகிறது.

ஆக மின்சாரக் கார்தான் ஜெயித்தது என்று கைதட்டிவிடலாமா? கொஞ்சம் பொறுங்கள். மேலே "வீட்டில் சார்ஜ் ஏற்றினால்" என்று ஒரு வார்த்தை இருக்கிறதே, அதுதான் இங்கே வில்லன்.

வீட்டில் பிளக் பாயிண்ட் இல்லாதவர் ரோட்டோரத்து ஃபாஸ்ட் சார்ஜரைத்தான் நம்ப வேண்டும். அங்கே யூனிட் 40 சென்டிலிருந்து 60 சென்ட் வரை வாங்குவது சகஜம். நடுவில் 50 சென்ட் என்று போட்டால், அதே 3,780 யூனிட்டுக்கு 1,890 டாலர்! பெட்ரோல் காரைவிட 450 டாலர் கூட. காரும் அதே, ரோடும் அதே, ஓட்டுகிற தூரமும் அதே. நிற்கிற இடம் மட்டும் மாறியதில் செலவு மூன்று மடங்கு ஆகிவிட்டது. தவிர, சார்ஜ் ஏறும்வரை அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். கராஜ் இருப்பவருக்கு அந்த நேரம் தூக்கத்திலேயே கழிந்துவிடுகிறது.

(கலிபோர்னியாவில் கதை இன்னும் கொஞ்சம் மாறும். அங்கே வீட்டு மின்சாரமே யூனிட் 30 சென்டுக்கு மேல், பெட்ரோலும் மற்ற மாநிலங்களைவிட விலை அதிகம். ராத்திரிச் சலுகைக் கட்டணம் வாங்காதவருக்கு அங்கே மின்சாரக் காருக்கும் ஹைபிரிட்டுக்கும் எரிபொருள் செலவில் பெரிய வித்தியாசம் வராது.)

சொருகாத பிளக்-இன்

பிளக்-இன் ஹைபிரிட்டின் கதை இதைவிட வேடிக்கை. 10 மைலில் 8 மைல் மின்சாரத்தில் ஓட்டுகிறவருக்கு, 100 மைலுக்கு 30 யூனிட் என்று கொண்டால், மின்சாரமும் பெட்ரோலும் சேர்த்து வருடத்துக்குச் சுமார் 740 டாலர் ஆகும். நீண்ட பயணத்துக்குப் பயமும் இல்லை. இரண்டு உலகத்திலும் நல்லது. ஆனால் சொருகாமலே ஓட்டினால்? பெரிய பேட்டரியை வெறும் மூட்டையாகச் சுமந்துகொண்டு பெட்ரோலில் ஓடும். காலனுக்கு 45 மைல் தந்தால்கூட 960 டாலர். சாதாரண ஹைபிரிட்டைவிட அதிகம். விலை கூடக் கொடுத்து வாங்கி, செலவும் கூடச் செய்கிற புத்திசாலித்தனம்!

இப்படி யாராவது செய்வார்களா என்று கேட்கலாம். செய்கிறார்கள். இதற்கு நல்ல ஆதாரம் ஐரோப்பாவிலிருந்து கிடைக்கிறது. அங்கே கார்களே தாங்கள் குடித்த எரிபொருளைப் பதிவுசெய்து வைக்கின்றன. 2021ல் பதிவான கார்களின் அந்த விவரத்தை ஐரோப்பிய ஆணையம் திரட்டி 2024ல் வெளியிட்டது. பிளக்-இன் ஹைபிரிட்கள் சோதனைச்சாலைக் கணக்கைப்போலச் சுமார் மூன்றரை மடங்கு கார்பன் டை ஆக்சைடு விட்டன. அங்கே பல பிளக்-இன் கார்கள் கம்பெனி கொடுத்த கார்கள். பெட்ரோலுக்குக் கம்பெனி கார்டு இருக்கும். வீட்டு மின்சாரத்துக்கோ சொந்தப் பையிலிருந்து காசு. யார் சொருகுவார்? ஊக்கத்தொகை எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் மனிதன் சாய்வான் என்று காமர்ஸ் வகுப்பில் சொல்வது சும்மா இல்லை.

அமெரிக்காவிலும் பாடம் இதேதான். பிளக்-இன் காரைப் பச்சைக் காராக்குவது அதன் பேட்டரி அல்ல, தினமும் ராத்திரி அதைச் சொருகும் கை. அந்தக் கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு பிளக் பாயிண்ட்.

யாருக்கு அந்த பிளக் பாயிண்ட் இல்லை?

இங்கேதான் விஷயம் வெறும் கார்க் கணக்கைத் தாண்டிப் போகிறது.

அமெரிக்கக் குடும்பங்களில் சுமார் மூன்றில் ஒன்று வாடகை வீட்டில் இருக்கிறது. சொந்த வீடு, கராஜ், சுவரில் பிளக் பாயிண்ட் என்பது பெரும்பாலும் வசதியுள்ளவர்களின் சொத்து. மூன்றாவது மாடி அபார்ட்மெண்ட்டில் வாடகைக்கு இருக்கும் ஒரு நர்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். கார் கீழே பொது இடத்தில் நிற்கும். ஜன்னல் வழியாக ஒயர் இழுக்க முடியுமா? வீட்டுக்காரர் விடுவாரா? வேலை 30 மைல் தள்ளி. பழைய பெட்ரோல் கார். அவருடைய சம்பளத்தில் பெட்ரோல் விழுங்கும் பங்கு, கராஜ் வைத்திருக்கும் டாக்டரின் சம்பளத்தில் விழுங்கும் பங்கைவிட அதிகம். மலிவான எரிபொருள் யாருக்கு அதிகம் தேவையோ, அவருக்கு அது கிடைப்பதில்லை. யாருக்கு அவ்வளவு தேவையில்லையோ, அவர் வீட்டுச் சுவரிலேயே அது இருக்கிறது.

பழைய மின்சாரக் கார் வாங்கலாமே என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், மின்சாரக் கார்களின் தேய்மானம் வேகமானது. மூன்று, நான்கு வருடம் ஓடியது நல்ல விலைக்குக் கிடைக்கிறது. ஆனால் கார் மலிவானால் போதுமா? எரிபொருளும் மலிவாக வேண்டாமா? பழைய காரை மலிவாக வாங்கிவிட்டு 50 சென்ட் மின்சாரம் போட்டால், மிச்சம் பிடித்த காசு சார்ஜரிலேயே கரைந்துவிடும்.

அரசாங்கம் என்ன செய்தது? புதிய மின்சாரக் கார் வாங்குபவருக்கு 7,500 டாலர் வரை வரிச் சலுகை கொடுத்தது. முதல் பல வருடங்கள் அந்தச் சலுகைக்கு ஒரு நிபந்தனை: கட்ட வேண்டிய வரியில்தான் கழித்துக்கொள்ளலாம். 7,500 டாலர் வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் இல்லாதவருக்கு முழுச் சலுகை இல்லை. 2024ல்தான் அதைக் கடையிலேயே விலையில் கழித்துக்கொள்ளும் வசதி வந்தது. 2025ல் வந்த புதிய சட்டம், அந்த வருடம் செப்டம்பர் 30க்குப் பிறகு வாங்கும் கார்களுக்கு அந்தச் சலுகையையே எடுத்துவிட்டது.

சலுகை போனதைப் பற்றி அழுகிறவர்கள் ஒரு விஷயத்தை யோசிக்க வேண்டும். 7,500 டாலர் ஒரு காருக்குப் போனால் ஒரு குடும்பத்துக்குப் பலன். கார் பழசானதும் பலனும் தேய்ந்துபோகும். அதே பணம் ஒரு அபார்ட்மெண்ட் வாகன நிறுத்தத்தில் சில பிளக் பாயிண்ட்களாக மாறியிருந்தால், குடியிருப்பவர் மாறினாலும், கார் மாறினாலும், அந்தப் பாயிண்ட் இருபது வருடம் அங்கேயே இருக்கும்.

இதற்குப் பெரிய சார்ஜர்கூட வேண்டாம் என்பதுதான் பலருக்குத் தெரியாத விஷயம். அமெரிக்க வீடுகளில் இருக்கும் சாதாரண 120 வோல்ட் பாயிண்ட் மணிக்குச் சுமார் 1.4 யூனிட் தரும். பத்து மணி நேரம் சொருகி வைத்தால் 14 யூனிட். அது ஏறக்குறைய 40 மைல் ஓட்டத்துக்குக் காணும். சராசரித் தேவை என்ன? 37 மைல்! டீவி சொருகும் பாயிண்ட்டே அன்றாடத் தேவையை முடித்துவிடுகிறது. நெடுஞ்சாலையில் லட்சக்கணக்கில் செலவழித்து நிறுத்தும் ஃபாஸ்ட் சார்ஜர் அந்த 2 நாள் பயணத்துக்கு. மீதி 363 நாளுக்குத் தேவை, கார் தூங்கும் இடத்தில் ஒரு சாதாரண பாயிண்ட்.

சட்டம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. கலிபோர்னியாவில் 2015 ஜூலைக்குப் பிறகு போட்ட வாடகை ஒப்பந்தங்களில், குடியிருப்பவர் எழுதிக் கேட்டால் சார்ஜர் வைக்க வீட்டுக்காரர் பெரும்பாலும் மறுக்க முடியாது. ஆனால் செலவு குடியிருப்பவர் தலையில்! இரண்டு வருடத்தில் காலி செய்யப் போகிறவர், வேறு ஒருவர் சுவரில் ஆயிரம் டாலர் செலவு செய்வாரா? உரிமை காகிதத்தில் இருக்கும், பாயிண்ட் சுவரில் இருக்காது. செலவைப் போடுகிறவர் ஒருவர், சொத்து சேருகிறவர் இன்னொருவர் என்றால் எந்த முதலீடும் நடக்காது. இந்த முடிச்சை அவிழ்க்க அரசுப் பணம் வரவேண்டிய இடம் இதுதான்.

ரோட்டுக்கு யார் காசு கொடுப்பது?

எதிர்த்தரப்புக்கு ஒரு நியாயமான வாதம் உண்டு. அமெரிக்காவில் ரோடு போடும் பணத்தில் பெரிய பங்கு பெட்ரோல் வரியிலிருந்து வருகிறது. மத்திய வரி காலனுக்கு 18.4 சென்ட். 1993லிருந்து அது மாறவில்லை. மின்சாரக் கார் அதில் ஒரு சென்ட்கூடக் கட்டுவதில்லை, ஆனால் அதே ரோட்டில்தான் ஓடுகிறது. கட்ட வேண்டும் என்பது சரியான பேச்சு.

ஆனால் எவ்வளவு? டெக்சாஸ் 2023லிருந்து மின்சாரக் காருக்கு வருடம் 200 டாலர் தனிக் கட்டணம் வாங்குகிறது. அதே மாநிலத்தில் 450 காலன் எரிக்கும் பெட்ரோல் கார், காலனுக்கு 20 சென்ட் வீதம் மாநில வரியாகக் கட்டுவது 90 டாலர். மத்திய வரியைச் சேர்த்தாலும் சுமார் 173 டாலர்தான். அதோடு 4,000 மைல் ஓட்டும் ஓய்வூதியக்காரருக்கும் அதே 200, 30,000 மைல் ஓட்டும் விற்பனைப் பிரதிநிதிக்கும் அதே 200. ரோட்டுக்குக் காசு வாங்குவது நியாயம். ஓடிய மைலைப் பார்க்காமல் வாங்குவது நியாயமில்லை.

கடைசியாக...

"எந்தக் கார் நல்லது?" என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. ராத்திரி கார் நிற்கும் இடத்தில் பாயிண்ட் இருக்கிறதா? இருந்தால், அன்றாட ஓட்டத்துக்கு மின்சாரக் காரை அடிக்க ஆள் இல்லை. வீட்டில் ஒரே கார், அடிக்கடி தூரப் பயணம், பாயிண்ட்டும் இருக்கிறது என்றால் பிளக்-இன் ஹைபிரிட். பாயிண்ட் இல்லையா? யார் என்ன சொன்னாலும் சாதாரண ஹைபிரிட்தான் புத்திசாலித்தனம். அதை வாங்கியதற்காக யாரும் குற்ற உணர்ச்சியில் நெளிய வேண்டியதில்லை. 450 காலன் எரிக்கும் இடத்தில் 270 காலன் எரித்தால், ஒரு காலனுக்கு 8.9 கிலோ வீதம் வருடத்துக்கு ஒன்றரை டன்னுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. அது சின்ன விஷயமா?

மின்சாரக் கார் ஓட்டாதவரைப் பார்த்து "உனக்குச் சுற்றுச்சூழல் அக்கறை இல்லை" என்று சொல்வது சுலபம். அவருக்கு இல்லாதது அக்கறையா, பாயிண்ட்டா என்று முதலில் கேட்க வேண்டும். பெரும்பாலும் பாயிண்ட்டாகத்தான் இருக்கும். அக்கறையைப் பிரசங்கத்தால் வளர்க்க முயல்வதைவிட, பாயிண்ட் போட ஒரு எலக்ட்ரீஷியனை அனுப்புவது சுலபம், மலிவும் கூட.